சிபாப், பைபாப் வீட்டுக்கு வந்தாச்சா? பிரஷர் நம்பர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

ராம்நாடு, கீழக்கரை, மண்டபம், பாம்பன், தொண்டி, சாயல்குடி பக்கம் வீட்ல யாருக்காவது டாக்டர் சிபாப் இல்லாட்டி பைபாப், அதான் ஒறங்குறப்ப மாஸ்க் வழியா காத்த அழுத்தி அனுப்புற மெஷின், எழுதிக் குடுத்திருந்தா, மெஷின் இறங்குன நாள்ல இருந்து என்னென்ன செய்யணும்ங்கிறத வரிசையா எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, வீடு வீடா போயி மெஷின் மாட்டிக் குடுத்து மாஸ்க் பழக்கி விடுற வேலை. எனக்கு போன்ல வர்றதுல முக்காவாசி ஒரே கேள்விதான், "தம்பி, காத்து ரொம்ப வேகமா அடிக்கிது, அந்த நம்பர கொஞ்சம் கொறைச்சு விட்ருங்க". இல்லாட்டி நேர்மாறா, "காத்து பத்தலண்ணே, கூட்டி விடுங்க". ரெண்டுக்கும் நான் சொல்றது ஒண்ணுதான். நம்பர் டாக்டர் எழுதுன டோஸ், அது அங்கேயே இருக்கட்டும், முதல்ல லீக்க பாருங்க, அப்புறம் ஓஸ் (மெஷினயும் மாஸ்க்கயும் சேக்குற குழாய்), அப்புறம் தொட்டித் தண்ணி, அப்புறம் ரேம்ப் (பிரஷர மெதுவா ஏத்துற வசதி), இம்புட்டும் பாத்த பிறகும் சரியாகலன்னா ரிப்போர்ட்ட எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. நம்பர் மாறுறது அங்க வச்சுதான்.

யூடியூப்ல பாத்து ரெண்டு பட்டன சேத்து அமுக்குனா பிரஷர் நம்பர மாத்துற டாக்டர் மெனு தொறந்துரும்ங்கிறது எனக்கும் தெரியும். தொறக்காதீங்க.

அந்த நம்பர் என்னன்னு மொதல்ல புரிஞ்சுக்கங்க

ஸ்கிரீன்ல 8, 10, 12ன்னு காட்டுதுல்ல, அது தண்ணி சென்டிமீட்டர் கணக்கு. உயரமான ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்தி, ஸ்ட்ராவ 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு மெதுவா ஊதிப் பாருங்க. முத கொமிழி வெளிய வர எம்புட்டு அழுத்தி ஊதணுமோ அதான் 10. ஆஸ்பத்திரில பச்சப்புள்ள வார்டுல பபுள் சிபாப்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, அதுல குழாயோட ஒரு முனை பாட்டில் தண்ணிக்குள்ள 5 சென்டிமீட்டர் முங்கி இருந்தா புள்ளைக்கு கிட்டத்தட்ட 5 பிரஷர் போகுதுன்னு அர்த்தம், அம்புட்டுதான் கணக்கு. ஒரு விசயம், இந்த சோதனைய ஸ்ட்ராவோட நிறுத்திக்கங்க, மெஷின் ஓஸ தண்ணிக்குள்ள விட்டு பாக்குற வேலை வேண்டாம்.

"நெஞ்சு வெடிச்சிராதா?"ன்னு வயசானவங்க கேப்பாங்க. நம்ம பலமா இருமுறப்ப நெஞ்சுக்குள்ள ஏறுற பிரஷர் இதவிட பல மடங்கு. வீட்டு சிபாப் பெரும்பாலும் 4ல இருந்து 20 வரைக்கும்தான் குடுக்கும், பைபாப் மாடலப் பொறுத்து 25, 30 வரைக்கும் போகும். 4க்கு கீழ எறக்காததுக்கும் காரணம் இருக்கு. மாஸ்க் முன்னாடி பொடிப்பொடியா ஓட்டை இருக்கும் பாருங்க, நம்ம விடுற மூச்சு அது வழியாத்தான் வெளிய போகணும். பிரஷர் ரொம்ப கொறைஞ்சா அந்த அழுக்குக் காத்து சரியா வெளியேறாது, அதையே திரும்ப இழுக்க வேண்டி வரும். அதனாலதான் அந்த ஓட்டைய ஒருநாளும் அடைக்கக் கூடாதுங்கிறது. காத்து முகத்துல அடிக்கிதுன்னு பிளாஸ்திரி ஒட்டி வச்ச வீட்ட நான் பாத்திருக்கேன், பாத்ததும் எனக்கு வேர்த்துருச்சு. அது லீக் இல்ல, வேணும்னே விட்ட வழி. மெஷினும் அந்த அளவு காத்து போகும்னு தெரிஞ்சுதான் ஓடுது.

மெஷின் உள்ள நடக்குறது சிம்பிள். ஒரு சின்ன காத்தாடி மோட்டார், ஒரு பிரஷர் சென்சார், ஒரு சர்க்யூட் போர்டு. பிரஷர் கொறையுதுன்னு சென்சார் சொன்னா மோட்டார் வேகமா சுத்தும், கூடுதுன்னா மெதுவாகும், நொடிக்கு நொடி இதே வேலை. இதுல இருந்தே உங்களுக்கு ஒண்ணு புரியும், மாஸ்க் ஓரத்துல லீக் இருந்தா மெஷின் பிரஷர காப்பாத்த இன்னும் கூட காத்த தள்ளும், படுத்திருக்கிறவருக்கு "புயல் மாதிரி அடிக்கிது"ன்னு தோணும். ஆனா நம்பர் ஏறியிருக்காது. வேகமா அடிக்கிதுன்னு சொல்றவங்கள்ல நெறைய பேருக்கு நடக்குறது இதுதான். அப்ப நம்பர கொறைச்சா என்ன ஆகும், லீக் அப்படியே இருக்கும், தொண்டைக்கு வேண்டிய பிரஷரும் போயிரும்.

சீட்ட எடுத்து வச்சு படிங்க

டாக்டர் சீட்டயும் ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டயும் மொபைல்ல போட்டோ எடுத்து வீட்ல ரெண்டு பேர் போன்லயாவது வச்சுக்கங்க. மெஷின் ரிப்பேர் ஆகி வேற மெஷின் வாடகைக்கு எடுத்தா இந்த நம்பர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது, ராத்திரி பத்து மணிக்கு "எம்புட்டு வச்சிருந்தாங்கன்னு தெரியல தம்பி"ன்னு போன் வரும், எனக்கும் தெரியாது.

சீட்டுல பாக்க வேண்டியது. சிபாப்னா ஒரே நம்பர், உதாரணத்துக்கு 10. ராத்திரி பூரா இழுக்குறப்பவும் விடுறப்பவும் 10தான். ஆட்டோ சிபாப்னா ரெண்டு நம்பர், 6ல இருந்து 14ன்னு வைங்க, அந்த எல்லைக்குள்ள தேவைக்கு ஏத்தாப்ல மெஷினே ஏத்தி எறக்கிக்கிரும். நெறைய மெஷின் டப்பாவுல இருந்து வர்றப்ப 4ல இருந்து 20ன்னு அகலமா தொறந்து கெடக்கும், யாரும் மாத்தாம அப்படியே ஓட்டிக்கிட்டு இருந்தா டாக்டர்கிட்ட கேளுங்க, "இவருக்குன்னு எல்லை போட வேணாமா"ன்னு.

பைபாப்னா மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ஐபாப், ஈபாப். மூச்சு இழுக்குறப்ப மேல் நம்பர், விடுறப்ப கீழ் நம்பர். இங்கதான் சிபாப்புக்கும் பைபாப்புக்கும் உள்ள வித்தியாசத்த வீட்டுக்காரங்க புரிஞ்சுக்கணும். கொறட்டை வியாதிக்காரங்களுக்கு ஒறங்குறப்ப தொண்டை ஒட்டிக்கிரும், அத தொறந்து வச்சிருக்கத்தான் பிரஷர், காத்த முட்டுக்குடுத்து வைக்கிற வேலை. இத மொத மொதல்ல செஞ்சு காட்டுனது ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்ங்கிற டாக்டர், 1981ல. ஆனா நம்ம பக்கத்துல சாயல்குடி, முதுகுளத்தூர், கமுதின்னு சீமைக்கருவேல வெறக வெட்டி கரிமூட்டம் போட்ட ஆளுங்க, காலமெல்லாம் வெறகு அடுப்புல ஊதுகுழல வச்சு ஊதுன அப்பத்தாமாருங்க, பீடி குடிச்சவங்க, இவங்களுக்கு வர்றது பெரும்பாலும் சிஓபிடி, அதான் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நுரையீரல்ல கெட்ட காத்து தேங்கிரும், கார்பன் டை ஆக்சைடு வெளிய போகாது. அவங்களுக்கு மேல் நம்பருக்கும் கீழ் நம்பருக்கும் உள்ள வித்தியாசம்தான் மருந்து. 16க்கு 6ன்னா வித்தியாசம் 10. "வேகமா இருக்கு"ன்னு நீங்க மேல 12 ஆக்கிட்டா வித்தியாசம் 6 ஆயிருச்சு, ஏறக்கொறைய பாதி மருந்த தூக்கி எறிஞ்ச கணக்கு. அன்னைக்கு ராத்திரி நிம்மதியா ஒறங்குற மாதிரிதான் தெரியும், ஆனா அது ஒறக்கமா இல்லாம, கார்பன் டை ஆக்சைடு ஏறி மயங்கிக் கெடக்குறதா இருக்கலாம். இத நான் பயமுறுத்தணும்னு சொல்லல, ஆனா பைபாப்காரங்க வீட்ல நம்பர தொடாதீங்கன்னு நான் குரல ஒசத்தி சொல்றதுக்கு இதான் காரணம்.

மெஷின எங்க வைக்கிறது

கட்டில விட தாழ்வா, ஆனா தரையில இல்லாம, ஒரு ஸ்டூல் மேல வைங்க. தலைக்கு மேல அலமாரில வச்சா ஓஸுல நிக்கிற தண்ணி நேரா மூக்குக்கு எறங்கும். கடல பாத்த சன்னல் பக்கம் வேண்டாம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மண்ணும் உப்புமா உள்ள வரும், மெஷின் பின்னாடி இருக்குற ஃபில்டர் சீக்கிரமே கருத்துப் போகும், ஃபில்டர் அடைச்சா மோட்டார் தெணறும். பெட்டில மாசம் ஒருக்கா பாருங்கன்னு போட்டிருந்தா கடற்கரை ஓரத்து வீட்டுக்காரங்க வாரம் ஒருக்கா பாருங்க. கழுவுற டைப்பா, தூக்கிப் போடுற டைப்பான்னு வாங்குறப்பவே கேட்டுக்கங்க, தூக்கிப் போடுறத கழுவி மாட்டுனா பஞ்சு பிஞ்சு உள்ள போகும். அடாப்டர் பின்னுல பச்சையா பூத்திருந்தா அது உப்புக் காத்து வேலை, டெக்னீஷியன்கிட்ட காட்டுங்க. கொசுவத்தி, சாம்பிராணி அந்த ரூம்ல வேண்டாம், மெஷின் இழுக்குறது அந்த ரூம் காத்தத்தான்.

இனி மாஸ்க், இதுக்குத்தான் நெறைய நேரம் ஆகும்

மாஸ்க்க உக்காந்துக்கிட்டு மாட்டி "சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு படுத்தா முகத்து சதை எறங்கிரும், லீக் ஆரம்பிச்சிரும். அதனால படுத்துக்கிட்டு, மெஷின ஆன் பண்ணி, பிரஷர் ஏறுன பிறகுதான் மாஸ்க் வார, அதான் பட்டைய, அட்ஜஸ்ட் பண்ணணும். மொதல்ல எல்லா வாரையும் லூஸ் பண்ணுங்க. மாஸ்க்க முகத்துல வச்சு லேசா முன்னாடி இழுத்து விடுங்க, அப்ப சிலிக்கான் காத்து வாங்கி உப்பி தோல்ல உக்காரும். அப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே அளவா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, லீக் நின்ன எடத்துல நிறுத்துங்க. இறுக்க இறுக்க நல்லதுன்னு நெனச்சு மூக்குத் தண்டு செவந்து புண்ணாகுற அளவுக்கு கட்டுறாங்க, அது தப்பு, ரொம்ப இறுக்குனா அந்த சிலிக்கான் மடங்கிப் போயி லீக் கூடத்தான் ஆகும். ஒரு விரல் வாருக்குள்ள போகணும்.

எண்ணெய். இது நம்ம ஊரு பிரச்சனை. தேங்கா எண்ணெய தலைக்கும் முகத்துக்கும் தேச்சுட்டு படுத்தா மாஸ்க் வழுக்கும், சிலிக்கானும் சீக்கிரம் கெட்டுரும். படுக்குறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு முகம் கழுவுங்க, காலைல மாஸ்க்க வெறும் சோப்புத் தண்ணில கழுவி நெழல்ல காய வைங்க. வெயில்ல காயப்போட்டா வெறச்சிரும். தாடி வச்சிருக்கிற அத்தா, வாப்பாமாருங்களுக்கு மூக்கு, வாய் ரெண்டையும் மூடுற ஃபுல் ஃபேஸ் மாஸ்க் தாடி ஓரத்துல லீக் ஆகும், தாடிய எடுக்கச் சொல்ற வேலை எனக்கு இல்ல, மூக்குக்கு மட்டும் போடுற நேசல் மாஸ்க் இல்லாட்டி மூக்கு ஓட்டைல உக்கார்ற பில்லோ டைப் போட்டுப் பாக்கலாம், வாய் தொறக்காதவங்களுக்கு அது நல்லா அமையும். வாய் தொறந்து ஒறங்குறவங்கன்னா வாய் வழியா காத்து போயிரும், காலைல நாக்கு காஞ்ச கருவாடா கெடக்கும், அவங்களுக்கு ஃபுல் ஃபேஸ்தான். பல் செட் கழட்டிட்டு படுக்குறவங்களுக்கு கன்னம் உள்ள போயிரும், அதே நெலமைல வச்சுத்தான் அளவு பாக்கணும், பகல்ல பல்லோட அளவெடுத்து ராத்திரி பல்லில்லாம மாட்டுனா எந்த மாஸ்க்கும் நிக்காது.

இன்னொண்ணு, சில மாஸ்க்ல வார மாட்டுற கிளிப்பு காந்தம். பேஸ்மேக்கர் வச்சவங்க, மூளைல கிளிப்பு போட்டவங்க, மாஸ்க் போடுறவரோ பக்கத்துல படுக்குறவரோ இப்படி இருந்தா காந்தம் இல்லாத மாஸ்க்கா கேட்டு வாங்குங்க. கடைக்காரர் கேக்க மாட்டார், நீங்கதான் சொல்லணும்.

மாஸ்க் மாத்துனா மெஷின் மெனுல மாஸ்க் டைப்பயும் மாத்தணும், அந்த செட்டிங் நோயாளி மெனுலயே இருக்கும், அத தொடலாம். ஓஸும் அப்படித்தான். சாதா ஓஸு 22 மில்லிமீட்டர், ஒல்லியானது 15. ஒல்லி ஓஸுல காத்து போறப்ப பிரஷர் கூட கொறையும், மெஷின் அத கணக்குப் போட்டு சரிக்கட்டணும்னா எந்த ஓஸுன்னு அதுக்கு சொல்லணும். ஓஸ் பழசாகி மடிப்புல பொத்தல் விழுந்திருந்தா, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு நீட்டிப் பாருங்க, தெரியும்.

ரேம்ப்பும் மூச்சு விடுற சலுகையும்

"10 தாங்க முடியல"ன்னு சொல்றவங்க முழிச்சிருக்கிறப்பதான் அப்படி சொல்றாங்க, ஒறங்குன பிறகு பெரும்பாலும் தெரியிறதில்ல. அதுக்குத்தான் ரேம்ப். ஆரம்பத்துல 4 இல்லாட்டி 5ல தொடங்கி, நீங்க வச்ச நிமிசத்துக்குள்ள மெதுவா 10க்கு ஏறும், பெரும்பாலான மெஷின்ல 45 நிமிசம் வரைக்கும் வைக்கலாம். சிலதுல ஆட்டோன்னு இருக்கும், நீங்க ஒறங்குறத கண்டுபிடிச்சு அப்புறம் ஏத்தும். இது உங்க மெனு, தாராளமா மாத்துங்க. ஆனா ஒடம்பு பெருத்தவங்க சிலருக்கு 4 பத்தாது, மாட்டுனதும் மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், "காத்தே வரல"ன்னு மாஸ்க்க பிச்சு எறிவாங்க. அவங்களுக்கு ரேம்ப் ஆரம்ப நம்பர 6 ஆக்கி விட்டாலோ, ரேம்ப் நிமிசத்த கொறைச்சாலோ சரியாயிரும். "பத்தல, கூட்டு"ன்னு கேக்குறவங்கள்ல பல பேரோட கத இதுதான். ஆரம்ப நம்பர் சில மெஷின்ல உங்க கைல, சிலதுல டெக்னீஷியன் கைல.

அடுத்தது மூச்சு விடுறப்ப பிரஷர கொஞ்சம் தளத்துற வசதி. கம்பெனிக்கு ஒரு பேரு வச்சிருக்கான், 1, 2, 3ன்னு போட்டிருக்கும். சில கம்பெனில அந்த 3ங்கிறது நெசமாவே 3 சென்டிமீட்டர், அதாவது 10 வச்சிருந்தா விடுறப்ப 7. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ரொம்ப சொகமா இருக்கும். சிலருக்கு இத ஏத்துனா ஏ.எச்.ஐ (மணிக்கு எத்தன தடவ மூச்சு தடைபடுதுங்கிற கணக்கு) கொஞ்சம் ஏறும், ஏன்னா தொண்டைய முட்டுக்குடுக்குற பிரஷரும் கொறையுதுல்ல, அதனால மாத்துன தேதிய சீட்டு பின்னாடி எழுதி வச்சு ரிவ்யூல சொல்லுங்க.

பழகுறதுக்கு பகல்ல உக்காந்து டிவி பாக்குறப்ப அரை மணி நேரம் மாட்டிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க. ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுக்காரங்களுக்கு நான் சொல்றது, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், வீட்லதான இருக்கீங்க, ராத்திரி வீட்டுக் கட்டில்ல ஒறங்குற அந்த மாசத்துல ஆரம்பிங்க, தொழிலுக்கு போறப்ப மாஸ்க் பழகியிருக்கும். அதுக்காக டாக்டர் இப்பவே ஆரம்பிக்கச் சொன்னத தடைக்காலத்துக்கு தள்ளிப் போடாதீங்க. நோன்பு மாசத்துல ஒறக்கம் துண்டு துண்டா ஆயிரும், சஹருக்கு எந்திரிச்சு திரும்ப படுக்குறப்பவும், லுஹருக்கு அப்புறம் கண்ண மூடுறப்பவும் மாஸ்க் மாட்டிக்கங்க, ஒறங்குற நேரம் எல்லாம் மெஷின் நேரம்தான்.

தண்ணி

ஹியூமிடிஃபையர், அதான் காத்த ஈரமாக்குற பகுதி, அதோட தொட்டில டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, மெடிக்கல்ல கேட்டா கெடைக்கும், இல்லாட்டி சொல்லி வச்சா வாங்கித் தருவாங்க. நம்ம ஊரு போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், பைப்பு, பக்கெட்டு எல்லாம் வெள்ளையா பூக்குற தண்ணி. தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது, தொட்டி அடில கல்லா படிஞ்சு ஹீட்டர் தட்டுல சூடு ஏறாம போயிரும். கெடைக்காத அன்னைக்கு ஆர்.ஓ தண்ணிய கொதிக்க வச்சு ஆற வச்சு ஊத்துங்க, ரெண்டு மூணு நாளைக்கு அதுல ஒண்ணும் ஆயிராது. பேட்டரிக்கு ஊத்துற கேன் தண்ணி மூச்சுல போறதுக்குன்னு செஞ்சது இல்ல, அத விட்டுருங்க. மிச்சத்த காலைல கொட்டிட்டு தொட்டிய தொறந்து காய வைங்க.

ஈரப்பத நம்பர் உங்க கைல இருக்கு. கடற்கரைல ராத்திரி காத்துலயே ஈரம் ஜாஸ்தி, அதனால வெளியூர்க்காரன் 5 வச்சா நம்ம 2, 3லயே ஓட்டலாம். ஏசி போட்டு படுக்குறவங்களுக்கு ஓஸ் குளுந்து உள்ள தண்ணி கோக்கும், மெஷின் களகளன்னு சத்தம் போடும், மூக்குல சொட்டும், பிரஷரும் ஆடும். ஈரத்த ஒரு நம்பர் கொறைங்க, ஓஸ போர்வைக்குள்ள விட்டுக்கங்க, ஏசி காத்து நேரா ஓஸுல படாம பாத்துக்கங்க.

எது நடந்தா என்ன பண்றது

வயிறு உப்பி ஏப்பமா வருதுன்னா காத்த முழுங்குறாங்க. தலைமாட்ட கொஞ்சம் ஒசத்துங்க, சாப்ட ஒடனே படுக்காதீங்க, அந்த மூச்சு விடுற சலுகைய ஏத்திப் பாருங்க, நாலஞ்சு நாளாகியும் நிக்கலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, பிரஷர் கொறைக்க வேண்டிய கேஸ் இதுல நெசமாவே இருக்கும். காலைல கண்ணு எரிச்சல்னா மூக்குத் தண்டு பக்கம் லீக். காது அடைப்பு, மூக்கடைப்புன்னா சளி, அந்த நாள்ல ஆவி பிடிச்சு மூக்க சுத்தம் பண்ணிட்டு மாட்டுங்க. கொறட்டை மாஸ்க்கோடயே கேக்குதுன்னா பிரஷர் பத்தல இல்லாட்டி வாய் லீக், அத எழுதி வச்சு சொல்லுங்க.

இதெல்லாம் வீட்ல பாக்கலாம். வீட்ல பாக்கக் கூடாதது, திடீர்னு ஒரு பக்கம் நெஞ்சு குத்தி மூச்சு தெணறுறது, வாந்தி எடுக்குறது, கூப்டா கொழறிப் பேசுறது, பகல்லயே மயக்கமா ஒறங்கி வழியிறது, ஒதடு நீலமாகுறது. வாந்தின்னா அந்த நொடியே மாஸ்க்க கழட்டுங்க, ஃபுல் ஃபேஸ் போட்டவங்க வாந்திய உள்ள இழுத்துக்கிட்டா ஆபத்து. தானா மாஸ்க்க கழட்டத் தெரியாத, கை தூக்க முடியாத ஆளுக்கு பக்கத்துல ஒரு ஆள் இல்லாம ஃபுல் ஃபேஸ் மாட்டி விட்டுட்டு போகாதீங்க. மத்ததுக்கு 108. ராம்நாடு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப மெஷினயும் மாஸ்க்கயும் சேத்தே எடுத்துட்டு வாங்க, அதுல இருக்குற நம்பரும் அங்க வேணும்.

ஆக்சிஜன் சேத்து வைக்கிறவங்களுக்கு ஒரு தனி வார்த்தை. ஆக்சிஜன் லிட்டர் வேற, பிரஷர் வேற, ஒண்ண கூட்டுனா இன்னொண்ணு தானா ஏறாது. சிஓபிடிக்காரங்களுக்கு டாக்டருங்க பெரும்பாலும் 88ல இருந்து 92க்குள்ள ஆக்சிஜன் இருந்தா போதும்னு சொல்லுவாங்க, பக்கத்து வீட்டுக்காரருக்கு 98 இருக்குன்னு லிட்டர ஏத்துனா கார்பன் டை ஆக்சைடு ஏறிரும். உங்காளுக்கு எந்த எல்லைன்னு சீட்டுல எழுதி வாங்கிக்கங்க. ஆன் பண்றப்ப மொதல்ல மெஷின், அப்புறம் ஆக்சிஜன், நிறுத்துறப்ப மொதல்ல ஆக்சிஜன், அப்புறம் மெஷின். மெஷின் ஓடாம ஆக்சிஜன் மட்டும் போனா அது ஓஸுலயும் மெஷின் உள்ளயும் தேங்கி தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு. அந்த ரூம்ல பீடி, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

கரண்ட் போனா, ஊருக்கு போனா

மழைக்காலத்துல கரண்ட் போறது நமக்கு புதுசு இல்ல. மெஷின் நின்னா மாஸ்க்க கழட்டணும், ஃபுல் ஃபேஸ்ல ஒரு சின்ன வால்வு தொறந்து வெளிக் காத்து வரும்தான், அத நம்பி மாட்டிக்கிட்டே கெடக்காதீங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டலாம், சைன் வேவ் இன்வெர்ட்டரா இருக்கணும். கரண்ட்ட அதிகமா இழுக்குறது ஹியூமிடிஃபையர் ஹீட்டரும் சூடு ஓஸும்தான், இன்வெர்ட்டர்ல ஓடுறப்ப அது ரெண்டையும் ஆஃப் பண்ணுனா பேட்டரி ரொம்ப நேரம் தாங்கும். பைபாப்ப நம்பியே இருக்குறவங்களுக்கு ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடியே பேட்டரிய சோதிச்சு வச்சிருங்க, புயல் எச்சரிக்கை வந்த பிறகு கடைல பேட்டரி தேடுறது வேலைக்கு ஆகாது. படகுல தங்குறவங்க 12 வோல்ட் பேட்டரில நேரா ஒயர மாட்டாதீங்க, நெறைய மெஷினுக்கு 24 வோல்ட் வேணும், அந்தக் கம்பெனி டிசி கன்வெர்ட்டர்தான் போடணும்.

கீழக்கரைல இருந்து துபாய், மலேசியா போறவங்க மெஷின கைப்பையா எடுத்துக்கங்க, லக்கேஜ்ல போடாதீங்க, தொட்டித் தண்ணிய கொட்டிட்டு டாக்டர் லெட்டர மேல வைங்க. அடாப்டர்ல 100ல இருந்து 240 வோல்ட்னு போட்டிருந்தா அங்க பின் மட்டும் மாத்துனா போதும்.

பழைய மெஷின் மலிவா கெடைக்குதுன்னு வாங்குறவங்களுக்கு. பிலிப்ஸ் கம்பெனி 2021 ஜூன்ல பழைய சிபாப், பைபாப் மாடல் நெறைய திரும்பப் பெறுறதா அறிவிச்சாங்க, உள்ள சத்தத்த அடக்க வச்ச ஃபோம் மக்கி காத்தோட வர வாய்ப்பு இருக்குன்னு. ஓசோன் வச்சு சுத்தம் பண்றதும், சூடும் ஈரமும் ஜாஸ்தியான எடமும் அத சீக்கிரம் மக்க வைக்கும்னு சொன்னாங்க, நம்ம ஊரு சூடும் ஈரமும் ஜாஸ்தியான எடம்தான். அதனால செகண்ட்ஹேண்ட்ல வாங்குனா மாடல் பேரையும் சீரியல் நம்பரையும் கேட்டு வாங்கி செக் பண்ணுங்க, டெக்னீஷியன வச்சு மேனோமீட்டர்ல பிரஷர் அளந்து பாருங்க. ஸ்கிரீன் 10ன்னு காட்டுறதும் மாஸ்க்ல 10 வர்றதும் பழைய மெஷின்ல ஒண்ணா இருக்கணும்னு இல்ல. முந்தின ஆளோட நம்பரும் அதுலயே கெடக்கும், அத உங்க சீட்டுப்படி மாத்தாம ஒரு ராத்திரி கூட ஓட்டக் கூடாது.

ரிவ்யூவுக்கு போறப்ப

நாலு விசயத்த மெஷினே சேத்து வச்சிருக்கும். எத்தன மணி நேரம் போட்டீங்க, லீக் எம்புட்டு, ஏ.எச்.ஐ எம்புட்டு, ஆட்டோவா இருந்தா 95 சதவீத நேரம் எந்த பிரஷருக்குள்ள ஓடுச்சு. ஏ.எச்.ஐங்கிறது ஒரு மணி நேரத்துல எத்தன தடவ மூச்சு நின்னுச்சு இல்ல கொறைஞ்சுச்சுங்கிற கணக்கு. 5க்கு கீழ நல்லது, 5ல இருந்து 15 லேசு, 30க்கு மேல கடுமை. மெஷின் போட்ட பிறகும் வாரக்கணக்குல 5க்கு மேலயே நின்னா, அதுவும் லீக் சரியா இருந்தும் நின்னா, அப்பதான் பிரஷர் பத்தி பேசணும். லீக் கணக்கு கம்பெனிக்கு கம்பெனி மாறும், சிலது மாஸ்க் ஓட்டை வழியா போறதயும் சேத்துக் காட்டும், சிலது அதிகப்படியா போறத மட்டும் காட்டும், அப்படிக் காட்டுற ஒரு வகைல நிமிசத்துக்கு 24 லிட்டருக்கு மேல போனா பெரிய லீக்குன்னு எடுத்துக்குவாங்க. லீக் அம்புட்டு இருக்குறப்ப அந்த ஏ.எச்.ஐ நம்பரயும் முழுசா நம்ப முடியாது.

பைபாப்காரங்களுக்கு இந்த ரிப்போர்ட் மட்டும் பத்தாது, கையில ரத்தம் எடுத்து ஏபிஜிங்கிற டெஸ்ட் பாத்துத்தான் கார்பன் டை ஆக்சைடு எறங்கிருச்சான்னு சொல்லுவாங்க, மதுரைக்கு போனா அதயும் அன்னைக்கே எடுத்துரலாமான்னு முன்னாடியே கேட்டுட்டு போங்க, இல்லாட்டி ரெண்டு தடவ பஸ் ஏறணும். எடுத்துட்டு போக வேண்டியது மெஷின், அடாப்டர், மாஸ்க், ஓஸ், உள்ள மெமரி கார்டு இருந்தா அது மெஷின்லயே இருக்கட்டும், தொட்டித் தண்ணி காலி. அடாப்டர மறந்துட்டு மெஷின மட்டும் தூக்கிட்டு மதுரை வரைக்கும் போற ஆளுங்க மாசம் தவறாம வர்றாங்க, அதனால அடாப்டர மொதல்ல பைல போடுங்க.